வரிசை பார்க்கும் வெளி

சித்திரை வெயிலில் வாளையார் அணை உள்வாங்கிக் கிடக்கும். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, கரையேறி இறங்கினால், தண்ணீர் நின்ற இடமெல்லாம் வண்டல் காய்ந்து வெடித்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஓட்டு வீட்டுத் தரை போல இருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு பாளமும் ஓரத்தில் சற்றே மேல்நோக்கிச் சுருண்டு, நடுவில் குழிந்து, தனித்தனியாகப் பிரிந்திருக்கிறது. சட்டைப் பையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து அளந்து பார்த்தேன். வண்டல் கனமாகப் படிந்த நடுப்பகுதியில் ஒரு பாளம் நான்கைந்து தீப்பெட்டி நீளம் இருந்தது. கரையோரம் வர வரப் படிவு மெலிந்தது, பாளமும் சிறுத்தது. மிக மெல்லிய இடத்தில் ஒரே ஒரு தீப்பெட்டிக்கு அடியில் முழுப் பாளமும் மறைந்துபோனது.

ஈரமாக இருந்தபோது இந்தச் சேற்றில் இந்த இடம், அந்த இடம் என்ற பேதமே இல்லை. ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தாலும் அதே சேறுதான். அப்படியிருக்க, வெடிப்பு இங்கேதான் விழவேண்டும், ஒரு சாண் தள்ளி விழக்கூடாது என்று எது முடிவு செய்தது? இன்னொரு கேள்வியும் உண்டு. விழும் இடம் ஏனோதானோ என்று இருக்கிறது. ஆனால் வெடிப்புக்கும் வெடிப்புக்கும் உள்ள இடைவெளி மட்டும் ஏன் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது?

முதல் கேள்விக்குத் துகள் இயற்பியலில் பெயர் உண்டு: சமச்சீர் முறிவு. இரண்டாவது கேள்வி, அண்மைக் காலத்தில் முளைத்த இன்னொரு துறைக்கு நம்மை அழைத்துப் போகிறது. அங்கே இடம் என்பதே பெருக்கல் வரிசையைப் பொருட்படுத்தும். அதன் பெயர் பரிமாற்றமில்லாப் புலக் கோட்பாடு. பெயர் பயமுறுத்தினாலும், உள்ளே இருக்கும் எண்ணத்தை ஒரு தீப்பெட்டியும் கொஞ்சம் வண்டலும் கொண்டு எட்டிவிடலாம் என்பது என் நம்பிக்கை.

முறிவு இரண்டு வகை

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. வாளையார் அதன் வாசலில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் இந்த வழியாகப் புகும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதத்தில் அவை எல்லாம் மேற்கு நோக்கித் திரும்பியிருக்கும். திசைகளின் சமத்துவம் அங்கே குலைந்துவிட்டது. ஆனால் குலைத்தது யார் என்பதில் மர்மம் ஏதும் இல்லை. காற்று வெளியிலிருந்து வந்து ஒரு திசையைத் திணித்தது. இது வெளிப்படையான முறிவு.

இரும்புக் காந்தத்தின் கதை வேறு. இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் காந்தத்தன்மை போய்விடும். உள்ளே இருக்கும் கோடானுகோடி அணுக்காந்தங்கள் ஆளுக்கொரு திசையில் ஆடிக்கொண்டிருக்கும், எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இருக்காது. ஆறவிட்டால் அந்தந்தப் பகுதியில் அவை ஒரே திசையில் அணிவகுக்கும். எந்தத் திசை என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்லத் தேவையில்லை. விதி எல்லாத் திசைகளையும் சமமாகவே நடத்துகிறது, ஆனால் இரும்பு ஏதாவது ஒன்றில் நின்றாகவேண்டும். விதியில் சமச்சீர் இருக்க, நிலையில் அது மறைந்துபோவதைத் தன்னியல்பான சமச்சீர் முறிவு என்கிறார்கள். வண்டல் வெடிப்பும் இந்த இனம்தான்.

இந்த எண்ணத்தை 1960 வாக்கில் துகள்களின் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் யோய்ச்சிரோ நம்பு. மீக்கடத்திகளை ஆராய்ந்தபோது கிடைத்த பாடத்தை அவர் வெற்றிடத்துக்கே பொருத்திப் பார்த்தார். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1964-ல் பீட்டர் ஹிக்ஸும், தனியாக பிரான்சுவா ஆங்லேர், ராபர்ட் பிரவுட் இருவரும் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். வெளி முழுவதும் ஒரு புலம் நிரம்பியிருக்கிறது, பிரபஞ்சம் ஆறியபோது அது சுழியில் நிற்காமல் ஒரு மதிப்பில் உறைந்தது, மின்னணுவும் குவார்க்கும் தம் நிறையைப் பெறுவது அந்த உறைவோடு ஊடாடுவதால்தான் என்பது அந்தச் சித்திரம். 2012 ஜூலை 4-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் அந்தப் புலத்தின் துகளைக் கண்டதாக அறிவித்தது. அது புரோட்டானைப் போல ஏறத்தாழ 133 மடங்கு கனமானது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்வோம். ஹிக்ஸ் புலம் உறைந்தது எங்கும் ஒரே மதிப்பில். வாளையாரிலும் அதே மதிப்பு, வியாழன் கோளிலும் அதே மதிப்பு. அது முறித்தது துகள்களுக்குள் இருந்த ஓர் உட்சமச்சீரைத்தான். இடத்துக்கு இடம் பேதமில்லை என்ற சமச்சீர் அப்படியே இருக்கிறது. வண்டலோ அதையும் முறித்துவிட்டது: இங்கே பாளம், அங்கே வெடிப்பு. வெற்றிடத்தை நிரப்பும் புலம் ஒன்று இந்த வண்டலைப் போலக் கோடு கோடாக உறைய முடியுமா? சாதாரண வெளியில், எளிய புலம் ஒன்று அப்படி உறைவதற்குக் காரணம் இல்லை. வரிசை பார்க்கும் வெளியில் காரணம் இருக்கிறது.

தீப்பெட்டியைப் புரட்டிப் பாருங்கள்

மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் பதினைந்து. பள்ளிப் பாடநூல் இதைப் பரிமாற்றுப் பண்பு என்கிறது. எண்களுக்கு இது பொருந்தும், செயல்களுக்குப் பொருந்தவேண்டிய கட்டாயம் இல்லை. கடுகு வெடித்தபின் கறிவேப்பிலை போடுவதும், கறிவேப்பிலை கருகியபின் கடுகு போடுவதும் ஒரே தாளிப்பு ஆகாது.

ஒரு தீப்பெட்டியை மேசையில் படுக்கவையுங்கள். படம் மேலே பார்க்கட்டும், நீளவாக்கு இடவலமாக இருக்கட்டும். முதலில் அதை உங்களை நோக்கி ஒரு கால்சுற்று புரட்டுங்கள். படம் உங்களைப் பார்க்கும். அடுத்து வலப்பக்கமாக ஒரு கால்சுற்று. இப்போது பெட்டி செங்குத்தாக எழுந்து நிற்கிறது, படம் உங்களையே பார்க்கிறது. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வரிசையை மாற்றுங்கள். முதலில் வலப்பக்கம், பிறகு உங்களை நோக்கி. இம்முறை பெட்டி நிற்கவில்லை. மருந்து பூசிய பக்கத்தின் மேல் படுத்திருக்கிறது, படம் வலப்பக்கம் பார்க்கிறது. அதே இரண்டு புரட்டல்கள்தான். வரிசை மாறியது, முடிவும் மாறிவிட்டது.

1925-ல் வெர்னர் ஹைசன்பர்க் அணுவின் ஒளியைக் கணக்கிட முயன்றபோது, இருப்பிடத்தையும் உந்தத்தையும் பெருக்கும் வரிசை மாறினால் விடை மாறும் ஒரு கணிதம் அவர் கையில் வந்து விழுந்தது. அவருக்கே அது உறுத்தலாக இருந்தது. அவை அணிகள் என்று மாக்ஸ் போர்ன் அடையாளம் கண்டார். இரண்டு வரிசைகளுக்கும் இடையிலான வித்தியாசம் பிளாங்க் மாறிலியின் அளவுடையது. மிகச் சிறிது, ஆனால் சுழி அல்ல. அந்தச் சிறு வித்தியாசத்தின் மறுபக்கம்தான் நிச்சயமின்மைக் கொள்கை: ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக வைத்திருக்க முடியாது. எந்த இரண்டு அளவுகள் வரிசை பார்க்கின்றனவோ, அந்த இரண்டும் ஒன்றையொன்று மங்கலாக்கும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் திறவுகோல் இந்த ஒரு வரிதான்.

இடமே வரிசை பார்த்தால்

இருப்பிடமும் உந்தமும் வரிசை பார்க்கின்றன என்றால், கிழக்கு மேற்காக ஒரு அளவும் வடக்கு தெற்காக ஒரு அளவும் ஏன் பார்க்கக் கூடாது? ஹைசன்பர்க் 1930-களிலேயே இப்படி நினைத்தார். 1947-ல் ஹார்ட்லண்ட் ஸ்னைடர் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். இப்படிப்பட்ட வெளியில் ‘புள்ளி’ என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஒரு திசையில் இடத்தைக் கூர்மையாக்கினால் மறுதிசையில் அது கலங்கும். மிஞ்சுவது ஒரு மிகச் சிறிய பரப்பு. அதற்குக் கீழே வெளியைக் கூறுபோட முடியாது. அந்தப் பரப்பின் அளவைத் தீட்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள்.

இப்படி நினைக்க வலுவான காரணம் ஒன்று உண்டு. நுண்ணியதைப் பார்க்க அலைநீளம் குறைந்த ஒளி வேண்டும், அதற்கு ஆற்றல் கூடுதல் வேண்டும். மிகச் சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலைக் குவித்தால் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதிப்படி அது கருந்துளையாகிவிடும். பார்க்கப் போன இடமே பார்வையிலிருந்து மறைந்துவிடும். இது நேரும் அளவு ஏறத்தாழ பிளாங்க் நீளம்: புரோட்டானின் குறுக்களவை, 1-க்குப் பின் 20 சுழியம் போட்ட எண்ணால் வகுத்தால் வருவது. 1990-களின் நடுவில் டோப்ளிசர், ஃபிரெடன்ஹாகன், ராபர்ட்ஸ் மூவரும் இந்த வாதத்திலிருந்தே ஆயங்கள் வரிசை பார்க்கவேண்டும் என்று காட்டினார்கள். 1999-ல் நேதன் சைபர்க், எட்வர்ட் விட்டன் எழுதிய கட்டுரை, இழைக் கோட்பாட்டிலும் இதே கணிதம் தானாக எழுவதை விரித்துரைத்தது. உலகெங்கும் இந்தத் துறை சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

பிளாங்க் நீளத்தை எந்த ஆய்வகமும் தொட்டதில்லை. ஆனால் இதே கணிதம் ஆய்வக மேசையில் நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தட்டையான படலத்தில் சிறைப்பட்ட மின்னணுக்களுக்குக் குறுக்கே வலுவான காந்தப்புலத்தைச் செலுத்திக் குளிரவைத்தால், அவை சிறுசிறு வட்டங்களில் சுழல்கின்றன. அந்த வட்ட மையத்தின் இரண்டு ஆயங்களும் ஒன்றுக்கொன்று வரிசை பார்க்கின்றன. 10 டெஸ்லா புலத்தில் ஒவ்வொரு மின்னணுவுக்கும் கிடைக்கும் மிகக் குறைந்த நிலம் சுமார் 400 சதுர நானோமீட்டர். 1980-ல் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு நடப்பது இந்த நிலத்தில்தான். ஆகவே வரிசை பார்க்கும் வெளி வெறும் கற்பனைக் கணிதம் அல்ல. பிரபஞ்சத்தின் அடித்தளமும் அப்படித்தானா என்பதே திறந்திருக்கும் கேள்வி.

சிறிதும் பெரிதும் கைகோக்கும் இடம்

இயற்பியல் இத்தனை காலம் நடந்துவந்ததற்கு ஒரு வரம் காரணம். பெரியதைப் புரிந்துகொள்ளச் சிறியதை முழுக்க அறியவேண்டியதில்லை. நொய்யலில் வெள்ளம் எப்படிப் போகும் என்று கணக்கிடத் தண்ணீர் மூலக்கூறின் உள்ளமைப்பு தேவைப்படாது. சிறு அளவில் நடப்பவை பெரிய அளவில் ஒன்றிரண்டு எண்களாகச் சுருங்கிவிடும்.

வரிசை பார்க்கும் வெளியில் இந்த வரம் பறிபோகிறது. 1999 முடியும் தறுவாயில் ஷிராஸ் மின்வாலா, மார்க் வான் ராம்ஸ்டாங்க், நேதன் சைபர்க் மூவரும் இதைக் கண்டு சொன்னார்கள். மின்வாலா இன்று மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இருப்பவர். அவர்கள் சொன்னதன் சாரத்தைக் கையில் மண்ணை வைத்தே உணரலாம். ஈரக் களிமண் உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். அது மெலிய மெலிய நீளும். ஒரு திசையில் சிறுக்க வைத்ததே மறுதிசையில் பெருக்க வைக்கிறது. பரப்புக்குக் கீழெல்லை இருக்கும் வெளியில் புலமும் அப்படித்தான். கிழக்கு மேற்காக ஓர் அலையை மிகக் குறுக்கினால், வடக்கு தெற்காக அதன் விளைவு வெகுதூரம் நீள்கிறது. மிக நுண்ணிய அளவில் நிகழும் குவாண்டம் சலனங்கள் மிக நீண்ட தூர நடத்தையில் வந்து கைவைக்கின்றன.

இதே கீழெல்லை இன்னொரு வேலையையும் செய்கிறது. சாதாரண வெளியில், பரப்பளவில் விரியும் எளிய புலத்தில் அசையாத கட்டி ஒன்று நிலைக்காது. அது சுருங்கிச் சுருங்கி மறையும் என்பது 1964-ல் டெரிக் நிறுவிய தேற்றம். 2000-ல் ராஜேஷ் கோபகுமார், மின்வாலா, ஆண்ட்ரூ ஸ்ட்ரோமிங்கர் மூவரும் வரிசை பார்க்கும் வெளியில் அப்படிப்பட்ட கட்டிகள் நிலைத்து நிற்கும் என்று காட்டினார்கள். சுருங்கிப் போக அங்கே இடம் இல்லை. கோபகுமார் பின்னாளில் பெங்களூருவின் சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்துக்கு இயக்குநரானார்.

வெற்றிடத்தில் விழும் கோடுகள்

இனி வண்டலுக்குத் திரும்பலாம். வெடிப்பு ஏன் குறிப்பிட்ட இடைவெளியில் விழுகிறது? காயும் சேறு சுருங்கப் பார்க்கிறது, அடியில் ஒட்டியிருக்கும் ஈரமண் அதை விடமாட்டேன் என்று பிடித்து இழுக்கிறது. உள்ளே இறுக்கம் ஏறுகிறது. வெடித்தால் இறுக்கம் தணியும். ஆனால் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு செலவு உண்டு, மண்ணைப் பிளக்க ஆற்றல் வேண்டும். நெருக்கமாக வெடித்தால் பிளக்கும் செலவு மிகும். அரிதாக வெடித்தால் இறுக்கம் தணியாமல் தங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி மலிவாக இருக்கிறது, மண் அதில் போய் நிற்கிறது. படிவு கனக்கக் கனக்க அந்த மலிவான இடைவெளி பெரிதாகும். தீப்பெட்டி அளவில் நான் கண்டது இதைத்தான்.

புலத்துக்கும் இதே கணக்கை எழுதிப் பார்ப்போம். சாதாரண வெளியில் ஒரு புலத்தை அலைய வைப்பதற்குச் செலவு உண்டு. அலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு செலவு. அலையே இல்லாமல் சமமாகப் பரவிக் கிடப்பதுதான் மிக மலிவு. ஹிக்ஸ் புலம் எங்கும் ஒரே மதிப்பில் உறைந்தது அதனால்தான். வரிசை பார்க்கும் வெளியில், நுண்ணளவுச் சலனங்கள் நீள்தூரத்தில் கைவைக்கும் விளைவு இன்னொரு செலவைச் சேர்க்கிறது. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகம் அந்தச் செலவு. இப்போது நெருக்கமான அலைக்கும் செலவு, மிக நீண்ட அலைக்கும் செலவு. நடுவில் ஓர் அலைநீளம் மலிவாக நிற்கிறது.

ஸ்டீவன் கப்ஸர், ஷிவாஜி சோந்தி இருவரும் 2000-ல் இதிலிருந்து துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். சிறிதும் பெரிதும் கைகோக்கும் அந்த விளைவு போதிய வலுவோடு இருந்தால், புலம் ஆறும்போது சமமாக உறையாது. மேடும் பள்ளமுமாக, கூட்டலும் கழித்தலுமாக, பட்டை பட்டையாக உறையும். எங்கே பட்டை விழும் என்பதை விதி சொல்லாது, பட்டையின் அகலத்தைச் சொல்லும். இடத்துக்கு இடம் பேதமில்லை என்ற சமச்சீர் தன்னியல்பாக முறியும். சில ஆண்டுகளுக்குள் யான் அம்பியோர்னும் சைமன் கேட்டரலும் ஒருபக்கம், பீட்டன்ஹோல்ஸ், ஹோஃப்ஹைன்ஸ், நிஷிமுரா மூவரும் மறுபக்கம் கணினியில் இந்த வெளியை உருவாக்கி ஆறவிட்டுப் பார்த்தார்கள். பட்டைகள் விழுந்தன.

உவமை எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வண்டலில் ஒரு பாளத்துக்கும் அடுத்த பாளத்துக்கும் மண் தொடர்பு இருக்கிறது, இறுக்கம் பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போகிறது. புலத்தின் கதையில் அந்தத் தூரத்துத் தொடர்பை உண்டாக்குவது இடத்தின் பெருக்கல் விதி. மண்ணுக்கு வெளியிலிருந்து வெயில் வேண்டும். அங்கே வெளியின் இயல்பே போதும்.

சென்னையில் ஒரு மங்கல் கோளம்

ஒரு தடை மட்டும் பாக்கி. தீட்டா என்ற அந்தப் பரப்பு எந்தத் தளத்தில் கிடக்கிறது என்று கேட்டால், ஏதோ ஒரு தளத்தைச் சுட்டவேண்டி வரும். அப்படிச் சுட்டினாலே திசைகளின் சமத்துவம் போய்விடும். இது காற்றாலையின் நிலை, விதியிலேயே முறிவு. இதற்கு வழி தேடியவர்களில் ஐயலம் பரமேசுவரன் பாலச்சந்திரன் முக்கியமானவர். சேலத்தில் பிறந்தவர். சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணனின் மாணவர். ராமகிருஷ்ணன் தம் ‘ஏகாம்ர நிவாஸ்’ வீட்டிலேயே இளைஞர்களைச் சேர்த்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960-ல் நீல்ஸ் போர் அங்கே வந்து போனார். அன்றைய கல்வி அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் துணைநிற்க, நேருவின் ஆதரவோடு 1962 ஜனவரி 3-ல் அந்தக் கருத்தரங்கு கணித அறிவியல் நிறுவனமாக மலர்ந்தது. பாலச்சந்திரன் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பேராசிரியராக இருந்து, பெரிய மாணவர் கூட்டத்தை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தார்.

வழி ஒன்று, மங்கல் கோளம். 1992-ல் ஜான் மேடோர் வகுத்த இதில், ஒரு பந்தின் பரப்பை எண்ணிவிடக்கூடிய சில துண்டுகளாகக் கருதலாம். ஆனால் சதுரக் கட்டம் போட்டதுபோல் துண்டுகளுக்கு ஓரம் இல்லை. ஆயங்கள் அணிகளாக இருப்பதால், எப்படித் திருப்பினாலும் பந்து பந்தாகவே இருக்கும். திசைகளின் சமத்துவம் துளியும் கெடாமல் வெளி வரிசை பார்க்கிறது. விதியில் சமச்சீர் முழுதாக இருக்கும் இந்தப் பந்தின் மேல் ஒரு புலத்தை ஆறவிட்டால் என்ன ஆகும்? டப்ளினில் டென்ஜோ ஓ’கானர் குழுவும் மற்றவர்களும் கணினியில் மூன்று நிலைகளைக் கண்டார்கள்: ஒழுங்கே இல்லாத சூடான நிலை, எங்கும் ஒரே மதிப்பில் உறைந்த நிலை, பந்தின் ஒரு பக்கம் ஒரு மதிப்பும் மறுபக்கம் வேறு மதிப்புமாக உறைந்த நிலை. 2008 வாக்கில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் சி. ஆர். தாஸ், எஸ். திகல், டி. ஆர். கோவிந்தராஜன் மூவரும் மங்கல் கோளத்தில் தன்னியல்பான சமச்சீர் முறிவையே பொருளாக எடுத்து எழுதினார்கள். மூன்றாவது நிலையில் சுழற்சிச் சமச்சீர் முறிகிறது. காற்று ஏதும் வீசவில்லை, பந்து தானே ஒரு திசையைத் தேர்ந்துகொண்டது.

வழி இரண்டு, முறுக்கு. 2004-ல் சாய்ச்சியன், குலிஷ், நிஷிஜிமா, துரேயானு நால்வரும் ஒன்று சொன்னார்கள்: ஒரு துகளைத் திருப்பும் விதி பழையபடியே இருக்கட்டும், இரண்டு துகள்களைச் சேர்த்துத் திருப்பும் விதியில் மட்டும் ஒரு முறுக்கு வைத்தால் சார்பியலின் சமச்சீர் புதிய வடிவில் பிழைத்துவிடும். பாலச்சந்திரனும் கூட்டாளிகளும் இதன் விலையைக் கணக்கிட்டார்கள். ஒரே வகைத் துகள்கள் இரண்டு இடம் மாறிக்கொள்ளும் விதமும் முறுக்கேறும். ஒரே நிலையில் இரண்டு மின்னணுக்கள் இருக்கக்கூடாது என்ற பௌலி விதியில் மிக நுண்ணிய கசிவு வரலாம். இதைத் தேட முடியும். இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் ‘விப்’ சோதனைக் குழு தாமிரத்தில் மின்னோட்டம் செலுத்தி, நிரம்பிய உட்கூட்டில் கூடுதலாக ஒரு மின்னணு நுழைகிறதா என்று காத்திருந்தது. நுழையவில்லை. கசிவு இருந்தாலும் இவ்வளவுக்குள்தான் இருக்கவேண்டும் என்ற எல்லை மட்டும் இறுகிக்கொண்டே வருகிறது. நம் வெளி வரிசை பார்க்கிறது என்பதற்கு இன்றுவரை நேரடிச் சான்று கிடைக்கவில்லை.

சான்று கிடைக்காத ஒன்றை இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் ஏன் கணக்கிட்டார்கள் என்று கேட்கலாம். எது முறிகிறது, எது முறிவதுபோல் தோன்றி வேறு உருவில் பிழைக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கண்ணை இந்தத் துறை கொடுத்திருக்கிறது என்பது என் பதில். விதி தன் கையில் வைத்துக்கொள்வது ஒன்று, நிலைக்கு விட்டுக்கொடுப்பது ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதில்தான் துகள் இயற்பியலின் பாதி ஞானம் இருக்கிறது.

ஜூனில் கணவாய் வழியே முதல் மழை இறங்கும். வாளையாற்றில் தண்ணீர் வரும், பாளங்கள் ஊதி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். சூடேறிய இரும்பைப் போல, அணையின் தரை மறுபடி எங்கும் ஒன்றாகிவிடும். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தால் நான் அளந்த வெடிப்பு அதே இடத்தில் இருக்காது. படிவின் கனம் மாறாமலிருந்தால், நடுப்பகுதியில் ஒரு பாளம் அப்போதும் நான்கைந்து தீப்பெட்டி நீளம் இருக்கும்.